மண்ணில் அயன் தொழிற்பாட்டை அளத்தல்

அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடக் கருதுவோர் முதலில் நாடுவது பீ.எச். என்னும் எண்ணையே. 1909 இல் சோரன்சன் வகுத்த அவ்வெண், இன்று ஐதரசன் அயனின் தொழிற்பாட்டைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகின்றது. தொழிற்பாடு வேறு, செறிவு வேறு. கரைசலிலுள்ள அயன்கள் ஒன்றையொன்று ஈர்த்தும் விலக்கியும் நிற்றலால், எந்த அயனும் தன் செறிவு முழுமைக்கும் ஏற்பத் தொழிற்படுவதில்லை. இலீற்றருக்கு 0.01 மூல் கல்சியங் குளோரைட்டுள்ள கரைசலில், டெபை, ஊக்கல் என்போர் 1923 இல் வெளியிட்ட கொள்கையின்படி, கல்சிய அயனின் தொழிற்பாடு அதன் செறிவில் ஏறத்தாழப் பாதியே.

தெளிந்த கரைசலில் இக்கணக்கு எளிது. மண்ணிலோ களித்துணிக்கைகள் எதிர்மின்னேற்றந் தாங்கி, நேரயன்களைத் தம்மருகே திரட்டி வைத்துள்ளன. அமிலக் களியை நீரிற் கலக்கி அடையவிட்டு, கண்ணாடி மின்வாயையும் கலோமெல் மின்வாயையும் அடிச்சேற்றில் அமிழ்த்தினால் ஓரெண் கிடைக்கும். மேலுள்ள தெளிநீரில் அமிழ்த்தினால் அதனினும் உயர்ந்த வேறோரெண் கிடைக்கும். வேறுபாடு சிலவேளை ஓரலகையும் கடந்துவிடும். ஓரலகென்பது தொழிற்பாட்டிற் பத்து மடங்காகும்.

சேற்றின் அயன்களையும் மின்வாய் உணர்கின்றதென்றே முன்னர்ப் பலர் கருதினர். 1950 இல் யென்னியும் அவர்தம் கூட்டாளரும் இதனை மறுத்தனர். சமநிலையுற்ற தொகுதியிற் கண்ணாடி மின்வாயைத் தெளிநீரிலிருந்து சேற்றுக்கு மாற்றினால் அளவீடு மாறுவதில்லை. கலோமெல் மின்வாயை மாற்றினாலே மாறுகின்றது. காரணம் அதன் உப்புப் பாலம். நீரிற் பொற்றாசிய அயனும் குளோரைட்டு அயனும் ஏறக்குறையச் சமவேகத்திற் செல்வன. களியிடையே அச்சமன் குலைய, சந்தியில் ஒரு மின்னழுத்தம் தோன்றுகின்றது. களி மென்றகடுகளாற் பொற்றாசியம் முதலியவற்றை அளந்து வந்த மார்சலுக்கு இவ்விளக்கம் உவப்பானதன்று. எனினும், தனியோர் அயனின் தொழிற்பாட்டை வெப்பவியக்கவியலாற் பிரித்தறிய இயலாதென்பதைக் குகென்ஹைம் 1929 இலேயே காட்டியிருந்தார். ஆகவே, எவ்வெண் மெய்யெனக் கேட்பதே பொருந்தாத கேள்வி எனலாம்.

இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்கோபீல்ட் வேறு வழி கண்டார். அவரும் ரெயிலரும் 1955 இல் விதந்துரைத்தபடி, மண்ணை மேற்கூறிய 0.01 மூல் கல்சியங் குளோரைட்டுக் கரைசலிற் குலுக்கினால், களி திரண்டு படிய, சேற்றுக்கும் தெளிநீருக்குமுள்ள வேறுபாடு பெரிதும் மறையும். பீ.எச். பெறுமானத்திலிருந்து கல்சியம், மகனீசியம் என்பவற்றுக்கான அத்தகைய மடக்கை எண்ணிற் பாதியைக் கழித்துப் பெறுவதைச் 'சுண்ணாம்பு அழுத்தம்' என்றனர். கரைசலின் செறிவு ஓரளவு மாறினும் இது மாறாதிருக்கும். தனியயனைப் பிரிக்கவேண்டிய தேவையும் இல்லை.

ஆயினும் மண்ணிலுள்ள அமிலத்தின் மொத்த அளவை இது கூறாது. மணற்பாங்கான மண்ணும் களிமண்ணும் ஒரே எண்ணைக் காட்டலாம். களிமண்ணுக்கு வேண்டிய சுண்ணாம்போ பன்மடங்காகலாம். அதனை அறியத் தாங்கற் கரைசலாற் செய்யும் தனிச் சோதனை உண்டு.