அறளை என்று சொல்லி ஒதுக்கிவிடலாமா?

ஊரிலே வயதுபோனவர் ஒருவர் ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொன்னால், "அவருக்கு அறளை பேந்திட்டுது" என்று சொல்லிவிட்டு எல்லோரும் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அங்கே அது ஒருவாறு சரிவந்தது. வழி தவறிப் போனாலும் ஒழுங்கையில் நிற்கும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். ஸ்காபரோவில் மாடிக் கட்டிடத்தில், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் தனியே இருந்து, அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோகும் அம்மாவுக்கு அந்த ஒழுங்கை இல்லை.

கனடிய அல்சைமர் சங்கம் 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2050ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் டிமென்சியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளாவோரில் நால்வருக்கு ஒருவர் ஆசிய வம்சாவளியினராக இருப்பார் என்கிறது அது. எங்கள் மூளை பலவீனமானது என்பதல்ல இதன் பொருள். இளவயதில் வந்து இறங்கியவர்கள் இங்கேயே முதுமை அடைகிறார்கள். 1983க்குப் பின் வந்த எம்மவரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

அப்படியானால் இனத்துக்கு இனம் இந்நோயில் வேறுபாடே இல்லையா? உண்டு. வட கலிபோர்னியாவில் 64 வயதுக்கு மேற்பட்ட இரண்டு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் பேரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். கறுப்பின மக்களிடையே மறதிநோய் அதிகமாகவும், ஆசிய வம்சாவளியினரிடையே குறைவாகவும், வெள்ளையர் இடைநடுவிலும் இருந்தார்கள். இதை இரத்தத்தில் எழுதிய விதி என்று எடுத்துவிடக் கூடாது. சிறுவயதில் எவ்வளவு படிக்கக் கிடைத்தது, சலரோகமும் பிறஷரும் கட்டுப்பாட்டில் இருந்தனவா, வைத்தியரிடம் போக வசதி இருந்ததா என்பவையெல்லாம் இதில் கலந்திருக்கின்றன. தெற்காசியர்களுக்குச் சலரோகம் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பதை நாம் அறிவோம். அது மூளையையும் தாக்கும்.

இன்னுமொரு விடயம் இருக்கிறது. நான் வைத்தியம் படித்தவனல்லன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு வந்து, தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். ஆனால் எங்கள் கட்டிடத்து முதியோருடன் துணைக்குப் போய்வந்ததில் ஒன்றைக் கண்டுகொண்டேன். மறதியை அளக்கும் கோலே ஆளுக்கு ஆள் வேறுவிதமாக அளக்கிறது.

மொன்றியலைச் சேர்ந்த வைத்தியர் சியாட் நஸ்ரடீனும் மற்றவர்களும் உருவாக்கி 2005இல் வெளியிட்ட ஒரு தேர்வு உலகம் முழுவதும் பாவனையில் உள்ளது. சுருக்கமாக மொக்கா என்பார்கள். மொத்தம் 30 புள்ளி. 26க்குக் குறைந்தால் மேலும் பார்க்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரையவேண்டும். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டவேண்டும். ஆங்கில வடிவத்தில் எஃப் எழுத்தில் தொடங்கும் சொற்கள் பதினொன்றையாவது ஒரு நிமிடத்தில் சொல்லவேண்டும். ஐந்து சொற்களைக் கேட்டுச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லவேண்டும். பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். பேனையே அதிகம் பிடிக்காதவருக்கு அந்த ஒரு புள்ளி போதுமா?

எங்கள் கட்டிடத்தில் ஒரு அம்மா. நாலாம் வகுப்போடு நின்றவர். ஊரில் தோட்டம் செய்தவர், சீட்டுக் கணக்கை மனதிலேயே வைத்திருந்தவர். தேர்வுக்குப் போனபோது பேரன்தான் மொழிபெயர்த்தான். படமும் சரிவரவில்லை, சொற்களும் சரிவரவில்லை. ஐந்து சொற்களைக் கேட்டபோது மட்டும், அம்மம்மா வெட்கப்படக் கூடாதென்று பேரன் தமிழில் மெல்ல எடுத்துக் கொடுத்தான். "பாசை விளங்கவில்லை, அவ்வளவுதான்" என்று வீட்டார் ஆறுதலடைந்தார்கள். சில மாதங்களின் பின், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளருடன் தமிழில் செய்தபோது பேச்சும் கணக்கும் நன்றாகவே வந்தன. ஐந்து சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. உண்மையான குறை அப்போதுதான் வெளிப்பட்டது.

ஆகவே இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. நோயில்லாதவருக்கு நோய் என்று எழுதிவிடலாம். நோயுள்ளவரைப் பாசையின் பின்னால் ஒளித்தும் வைத்துவிடலாம். இந்தியாவில் ஹரியானாவின் வல்லப்கர் கிராமங்களில் 1990களில் ஆய்வு செய்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்குப் பொருந்தும்படி கேள்விகளையே மாற்றி அமைத்தார்கள். இங்கே நாமும் அந்த உரிமையைக் கேட்கலாம்.

வாசகர்களே, செய்யக்கூடியவை சில உண்டு. மொக்காவுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது, குடும்ப வைத்தியரிடம் அதைக் கேளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சந்திப்பு எடுக்கும்போதே சொல்லுங்கள். எத்தனையாம் வகுப்புவரை படித்தவர், என்ன தொழில் செய்தவர் என்பதை வைத்தியருக்குக் கூறுங்கள். அடுத்த வீட்டாரோடு ஒப்பிடாமல், இரண்டு வருடத்துக்கு முன் அவர் எப்படி இருந்தாரோ அதனோடு ஒப்பிடுங்கள். குழம்புக்கு உப்புப் போட்டதை மறக்கிறாரா? மருந்தை இரண்டு தரம் எடுக்கிறாரா? தெரிந்த பஸ் பாதையில் தடுமாறுகிறாரா? திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எல்லா மறதியும் மறதிநோய் அல்ல. விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு, காது கேளாமை, சில மருந்துகள் ஆகியனவும் அப்படித் தோற்றம் காட்டும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. பிள்ளையைப் போரில் இழந்துவிட்டுப் பேசாமலிருக்கும் தாயின் மௌனத்தையும் மறதியென்று எண்ணிவிடாதீர்கள்.

2024இல் லான்செட் குழு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் மறதிநோயின் ஏறக்குறைய 45 வீதம் பதினான்கு காரணங்களோடு தொடர்புடையது. பிறஷர், சலரோகம், கேள்விக் குறைவு, புகைத்தல், தனிமை ஆகியன அவற்றுள் சில. இவற்றைக் கவனித்தால் நோயைத் தடுக்கலாம், அல்லது பிற்போடலாம்.

இரட்டை வேலை செய்து களைத்து வரும் எங்களுக்கு நேரம் குறைவுதான். என்றாலும் இந்த மாதம் ஒரு நாள் விடுப்பெடுத்து, வீட்டிலுள்ள பெரியவரின் காதையும் சீனியையும் பிறஷரையும் ஞாபகத்தையும் பார்ப்பிக்கக் கூட்டிச் செல்லுங்கள். "அறளை" என்ற சொல்லை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.