எந்தக் காட்டுக்கு, எந்த மாதத்தில்?

கிராமச் சங்கக் கூட்டமொன்றில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை வனவிலங்குப் பூங்கா பார்க்கப் போவோமா என்ற பேச்சு எழுந்தது. பின்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி உடனே கேட்டார்: “யானை பாக்கக் காசு குடுத்துப் போறதோ? அது தானே இரவிலை எங்கடை வயலுக்கு வருது!”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஆச்சி சொன்னது சிரித்துவிட்டுப் போகும் விடயமல்ல. எமது பிள்ளைகள் பலருக்கு யானை என்றால் உழக்கிய நெல்லும், முறிந்த தென்னங்கன்றும், நள்ளிரவு யானைவெடிச் சத்தமும்தான். 2019ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் உயிரிழந்த மனிதர் தொகையும் 120 அளவில் இருந்தது. பகல் வெளிச்சத்தில், தன் இடத்தில், குட்டியோடு அமைதியாக மேயும் யானையை ஒருமுறையேனும் பிள்ளைகள் காண்பது நல்லது என நாம் நினைக்கிறோம்.

ஆனால் சிறுகச் சிறுகச் சேமித்த காசில் ஆண்டுக்கொரு பயணம் போகும் குடும்பங்கள் நாங்கள். தவறான மாதத்தில் தவறான இடத்துக்குப் போனால், புழுதியையும் வெறும் பற்றைகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். ஆகவே இடத்தை எப்படித் தெரிவு செய்வது என்பதை இங்கு பார்ப்போம்.

தண்ணீரைப் பார்த்துத் தெரியுங்கள்

பலரும் கேள்விப்பட்ட பெயரை வைத்தே இடத்தைத் தெரிவு செய்கின்றனர். கமக்காரருக்கு அதைவிட நல்ல கணக்கு ஒன்று தெரியும். அந்த மாதத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதே அக்கணக்கு. மாரியில் காடு முழுவதும் தண்ணீர் கிடக்கும். விலங்குகளும் காடு முழுவதும் சிதறி நிற்கும். கோடையில் சிறு மோட்டைகள் வற்றியதும், அவை எஞ்சியுள்ள குளங்களைத் தேடி வரும். எனவே யானை பார்க்க விரும்புவோர் பொதுவாகக் கோடையிலும், குடிபெயர்ந்து வரும் பறவைகளைப் பார்க்க விரும்புவோர் மாரியிலும் போக வேண்டும்.

மின்னேரியா, கவுடுல்ல: ஹபரணைக்கு அருகிலுள்ள மின்னேரியாக் குளம் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டியது. அதைச் சூழ்ந்த காடு 1997இல் தேசிய பூங்காவாயிற்று. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட, குளம் வற்றி, அலைகரையில் இளம்புல் முளைக்கும். அந்தப் புல்லைத் தேடி ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் 200, 300 யானைகள்வரை கூடுவதுண்டு. அருகிலுள்ள கவுடுல்ல 2002இல் தேசிய பூங்காவாயிற்று. யானைகள் இரண்டுக்கும் இடையே போய்வரும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பின், சில ஆண்டுகளில் கோடையிலும் மின்னேரியாக் குளம் நிறைந்து நின்றது, புல்தரை மூழ்கியது, வந்த யானைகளின் தொகையும் குறைந்தது. குளம் நிறைந்தால் கமக்காரனுக்கு மகிழ்ச்சி, யானைக்குப் பசி. ஆகவே புறப்படுமுன் குளத்தின் நீர்மட்டத்தைக் கேட்டறியுங்கள். யானைகள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பது ஹபரணை ஜீப் சாரதிகளுக்குத் தெரிந்திருக்கும்.

வில்பத்து: வவுனியா, மன்னார் மக்களுக்குக் கிட்டியது இதுவே. 1938இல் யாலவுடன் சேர்த்துத் தேசிய பூங்காவாக்கப்பட்டது. பரப்பு 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான வில்லுகளே இதன் சிறப்பு. சிறுத்தையும் கரடியும் இங்கு உண்டு. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடி மரமேறி வரும். எனவே யூன், யூலை மாதங்கள் நல்லவை. போரினால் நீண்டகாலம் மூடியிருந்த பூங்கா 2003இல் திறக்கப்பட்டது. 2006இல் பூங்காவினுள் கண்ணிவெடி வெடித்துப் பார்வையாளர்கள் உயிரிழந்தபின் மீண்டும் மூடப்பட்டு, 2010இல் திறக்கப்பட்டது.

யால: சிறுத்தைக்குப் பேர்போன இடம். அதனாலேயே ஜீப் நெரிசலும் அதிகம். ஒரு சிறுத்தையைச் சுற்றிப் பல வாகனங்கள் முட்டி மோதுவதைக் காணலாம். சனி, ஞாயிறு நாட்களையும் நீண்ட விடுமுறைகளையும் தவிர்ப்பது நல்லது. கடும் வரட்சி காரணமாக, இதன் முதலாம் பகுதி வழமையாகச் செப்ரெம்பர் தொடக்கம் ஒக்ரோபர் நடுப்பகுதிவரை மூடப்படும்.

கூமுனை: பொத்துவில், பாணமை வழியாகப் போகலாம். கதிர்காமப் பாதயாத்திரை செல்வோர் உகந்தையிலிருந்து இக்காட்டினூடாகவே நடந்து போகின்றனர். மே, யூன் மாதங்களில் வில்லுவைச் சூழ்ந்த மரங்களில் நீர்ப்பறவைகள் கூடுகட்டும்.

கல்லோயா: 1954இல் தேசிய பூங்காவானது. இங்கினியாகலவிலிருந்து சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் சென்று விலங்கு பார்க்கலாம். யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதை அதிர்ஷ்டம் இருந்தால் காணலாம். கூட்டம் குறைவு. மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு ஏற்றது.

உடவளவை: ஆண்டு முழுவதும் யானை காணக்கூடிய இடம். தாயை இழந்த குட்டிகளைப் பாலூட்டி வளர்த்து மீண்டும் காட்டில் விடும் நிலையம் 1995இலிருந்து இங்கு இயங்குகிறது. பால் கொடுக்கும் நேரத்தில் பிள்ளைகள் பார்க்கலாம். வடக்கிலிருந்து போவோர் ஓர் இரவு தங்க ஆயத்தமாகப் போக வேண்டும்.

அவையும் இடம்பெயர்ந்தவையே

உடவளவைப் பூங்காவின் வரலாற்றை நாம் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். நீர்த்தேக்கம் கட்டியபோது இடமிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவே 1972இல் அது அமைக்கப்பட்டது. மகாவலித் திட்டத்தில் அணைகள் எழுந்து, குடியேற்றங்களுக்காகக் காடு வெட்டப்பட்டபோதும் இதுவே நடந்தது. மாதுறு ஓயா 1983இலும், வஸ்கமுவ 1984இலும், சோமாவதி 1986இலும் தேசிய பூங்காக்களாயின.

ஆனால் வரைபடத்தில் போட்ட எல்லையை யானை அறியாது. இலங்கையில் யானைகள் நடமாடும் நிலத்தில் பெரும்பகுதி இன்றும் பூங்காக்களுக்கு வெளியிலேயே உள்ளது. தாய் நடந்த பாதையில் குட்டி நடக்கிறது. அந்தப் பாதையில் இன்று வயலும் வேலியும் இருக்கின்றன. எமது காணிகளிலோ இதற்கு மாறானது நடந்தது. நாம் ஊரை விட்டுப் போன ஆண்டுகளில் வயல்கள் பற்றைக்காடாகி, யானைகள் அங்கு பழகிக்கொண்டன. திரும்பிச் சென்ற குடும்பங்கள் கண்டது இதைத்தான்.

இதைச் சொல்வதால் ஒருவருக்கும் பயிர் நட்டம் குறையப்போவதில்லை. இரவு முழுவதும் காவல் கிடப்பவரிடம் பொறுமையைப் போதிக்கவும் நாம் வரவில்லை. வீடிழந்த இருவர் ஒரே துண்டு நிலத்துக்காக மல்லுக்கட்டுகின்றனர் என்பதைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால், நாளை மின்வேலி பற்றியும் யானைப் பாதை பற்றியும் அதிகாரிகளுடன் பேசும்போது தெளிவாகப் பேசுவார்கள்.

பூங்காவும் சரணாலயமும்

இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசிய பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும். அனுமதி பெற்றே உள்ளே போகலாம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். மக்கள் அங்கு குடியிருக்கலாம். கடும் இயற்கை ஒதுக்கிடத்துக்குள் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது. உங்கள் காணிக்கு அருகில் எல்லைக்கல் நாட்டப்பட்டால், அது இவற்றில் எதன் எல்லை என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

சரணாலயங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கலாம். மன்னாரில் வங்காலையும் கட்டுக்கரைக்குளமும் பறவைச் சரணாலயங்கள். 1938 முதல் பறவைச் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாயிற்று. மாரிகாலத்தில், குறிப்பாகத் தை மாதத்தை அண்டி, மன்னார்க் கரையோரத்தில் பூநாரைகளைக் கூட்டமாகக் காணலாம். வங்காலைக்கோ கட்டுக்கரைக்கோ ஜீப் வேண்டியதில்லை. பஸ் காசும் கட்டுச்சோறும் போதும்.

புறப்படுமுன்

1. பூங்கா திறந்திருக்கிறதா, தண்ணீர் எப்படி இருக்கிறது என வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள்.

2. தேசிய அடையாள அட்டையை மறவாதீர்கள். உள்நாட்டவருக்குக் கட்டணம் மிகக் குறைவு.

3. அதிக செலவு ஜீப்புக்கே. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை அமர்த்தினால் பாரம் குறையும். வாடகையை ஏறுமுன் பேசி முடியுங்கள்.

4. காலை 6 மணிக்கு வாயிலில் நில்லுங்கள். அல்லது பிற்பகல் 3 மணிக்குப் போங்கள். நடுப்பகலில் விலங்குகள் நிழலில் படுத்துவிடும்.

5. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்க வேண்டாம். சத்தமிடவோ, தீனி போடவோ வேண்டாம். வீதியில் மனிதர் கொடுத்த தீனிக்குப் பழகிய யானையே பின்னர் வாகனத்தை மறிக்கிறது. பொலித்தீன் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

6. சிறுத்தை காணவில்லை என்று சாரதியை நெருக்க வேண்டாம். வேகமாக ஓடும் ஜீப்பினால் விலங்குக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

கூட்டம் முடிவதற்குள் இவற்றையெல்லாம் பேசினோம். ஓகஸ்ட் விடுமுறையில் மின்னேரியா, குளம் நிறைந்திருந்தால் கவுடுல்ல என்று முடிவாயிற்று. மாதாந்தம் குடும்பத்துக்கு ஒரு சிறு தொகை சேர்க்கவும் இணங்கினோம். எழும்பிப் போகும்போது ஆச்சி எம்மைக் கூப்பிட்டார். “தம்பி, அந்த ஜீப்பிலை ஏற எனக்கு ஒரு முக்காலி கொண்டு போகேலுமோ?”

கொண்டு போகலாம் என்றோம்.