வலிக்காத கட்டி

2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டைப் படித்தவர் பியூஷ் கோயல். நிதியமைச்சர் அருண் ஜெட்லி அப்போது சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். அவர் காலில் வந்திருப்பது மென்திசுப் புற்றுநோய் என்று செய்திகள் வந்தபோதுதான் ‘சர்கோமா’ என்ற பெயர் பலர் காதில் விழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24-ல் டெல்லி எய்ம்ஸில் அவர் காலமானார்.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுதான் இது. தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் எதில் வேண்டுமானாலும் முளைக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பாதிக்கு மேல் வருவது கை கால்களில், அதிலும் தொடையில்.

பழனி மலையில் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு போடும் ஒருவருக்குத் தொடையில் கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூட்டை தூக்கியதில் சதை பிரண்டுவிட்டது என்பார். வீட்டில் எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். “கொழுப்புக் கட்டிதான், வலியா எடுக்குது?” என்று பக்கத்து வீட்டார் தைரியம் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சாதாரணக் கட்டிகள் நூறு வந்தால் சர்கோமா ஒன்று வரும். ஆனால் அந்த ஒன்றும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்தால்தான் ஆஸ்பத்திரி என்பது நம் ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கு இங்கே உதவாது.

பார்க்க வேண்டியது அளவையும் ஆழத்தையும். 5 செ.மீ.க்கு மேல், அதாவது பெரிய எலுமிச்சம்பழத்தைத் தாண்டிய கட்டி. நாளுக்கு நாள் பெருக்கும் கட்டி. தசைக்குள் ஆழமாக இருக்கும் கட்டி. ஒருமுறை எடுத்தும் அதே இடத்தில் திரும்ப வரும் கட்டி. இவற்றில் ஒன்று பொருந்தினாலும் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். அடிபட்டதால் இது வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவும்போது, ஏற்கெனவே இருந்தது கையில் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

நோயைவிடப் பெரிய கேட்டைச் செய்வது சில நேரம் அவசரக் கத்தி. சர்கோமாவைச் சுற்றி உறை போல ஒன்று தெரியும். அது மெய்யான உறை இல்லை. புற்றுச் செல்கள் அதைத் தாண்டியும் இருக்கும். ‘சின்னக் கட்டிதானே’ என்று உறையோடு வழித்தெடுத்தால் மிச்சம் உள்ளே தங்கிவிடும். அடுத்து வரும் நிபுணர் இன்னும் அகலமாக வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே முதலில் எம்.ஆர்.ஐ.; அடுத்து தடித்த ஊசியால் எடுக்கும் சதைத்துணுக்குப் பரிசோதனை. ஊசி எங்கே நுழைய வேண்டும் என்பதையும் அறுவை செய்யப்போகும் மருத்துவரே சொல்வது நல்லது. ஊசி போன தடமும் கட்டியோடு சேர்ந்து வெளியே வர வேண்டுமல்லவா? இந்த நோய் அதிகம் பரவும் இடம் நுரையீரல் என்பதால் மார்புக்கு ஒரு சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள்.

முன்பெல்லாம் காலையே எடுத்துவிடுவதுதான் வழக்கம். 1982-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. 16 பேருக்குக் கையோ காலோ நீக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு தரப்பட்டது. உயிர் பிழைத்தவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் இன்று பெரும்பாலான நோயாளிகள் சொந்தக் காலில் நடப்பதில் அதற்குப் பங்குண்டு.

கதிர்வீச்சு வாரம் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் நடக்கும். கொடைக்கானலிலிருந்து மதுரை ஏறத்தாழ 120 கி.மீ., மலைப்பாதை வேறு. தினமும் போய்வர முடியாது, கீழேதான் தங்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு கதிர்பட்ட தசை இறுகும். மடக்கி நீட்டும் பயிற்சியை விட்டால் சரிவு நிலத்தில் ஏறி இறங்குவது பாடுதான். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கும் போக வேண்டும்.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால், கொடைக்கானல் ரோடு நிலையத்தில் ரயில் ஏறலாம். மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டினால், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணம் இல்லை.