பழைய கைக்கருவியும் புதிய கணனியும்: எமுலேற்றர் ஆட்டங்கள் பற்றிய ஒரு தொழினுட்ப, சமூக நோக்கு

விளையாட்டுப் பொறிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் திரையில் தோன்றியவற்றையே வரலாறாகக் கொண்டுள்ளனர். படங்கள், ஒலிகள், பாத்திரங்கள், அவற்றை விற்ற நிறுவனங்களின் ஏற்ற இறக்கங்கள் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆட்டத்தை ஆடிய கையும், அக்கை பற்றியிருந்த கருவியும் அடிக்குறிப்பளவிலேயே இடம்பெறுகின்றன. பழைய ஆட்டங்கள் கணனியில் மீண்டும் ஆடப்படும் இக்காலத்தில் இவ்விடுபாடு ஒரு நடைமுறைச் சிக்கலாகவே வெளிப்பட்டுள்ளது. பழைய கைக்கருவியைப் புதிய கணனியோடு இணைக்கும் முயற்சிகள் இச்சிக்கலிலிருந்தே தோன்றின. அவற்றின் இயங்குமுறையை விளக்குவதும், அவற்றுக்குத் தடையாக நின்றது உண்மையில் எது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் எமுலேற்றர் என்பது யாதென நோக்குதல் வேண்டும். ஒரு பொறியின் மையச் செயலி, படமாக்குஞ் சில்லு, ஒலிச் சில்லு ஆகியவற்றின் நடத்தையை மற்றொரு கணனியில் செய்நிரல் வாயிலாக நிகழ்த்திக் காட்டும் மென்பொருளே எமுலேற்றர் ஆகும். இலக்கியத் திறனாய்வாளர் நன்கறிந்த 'போலச்செய்தல்' என்னுஞ் சொல் இங்கு வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. 1997ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பமாகும். நின்ரெண்டோவின் என்.இ.எஸ். பொறியைப் போலச்செய்த 'நெஸ்ரிக்கிள்', ஆட்டக்கூடப் பொறிகளைப் போலச்செய்த 'மேம்' ஆகிய இரண்டும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. எனினும் இவற்றை ஆடியோரிற் பெரும்பாலோர் தட்டச்சுப் பலகையைக் கொண்டே ஆடினர்.

தட்டச்சுப் பலகையால் ஆடினால் என்ன கேடு என வினவலாம். பழைமையின் மீதான ஏக்கம் எனக் கூறி இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் காரணம் அதனினும் ஆழமானது. 1982இல் 'டொங்கி கொங்' என்னும் கையடக்க ஆட்டத்துக்காக நின்ரெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பெய் யொகோய் (1941-1997) சிலுவை வடிவிலான திசைப்பொத்தானை அமைத்தார். ஒரு பெருவிரலால் நான்கு திசைகளையும், அவற்றுக்கிடைப்பட்ட மூலைத்திசைகளையும் அது தந்தது. நடுவிலுள்ள தாங்குபுள்ளியின் மீது சாய்வதால், இடமும் வலமும் ஒரே கணத்தில் அழுந்துவது அதில் இயலாது. பழைய ஆட்டங்களை எழுதியோர் இவ்வியலாமையை நம்பியே எழுதினர். தட்டச்சுப் பலகையிலோ இருதிசைகளையும் ஒருங்கே அழுத்தலாம். அவ்வாறு அழுத்தும்போது சில ஆட்டங்களின் கணிப்பே பிறழ்ந்து, பாத்திரம் பெருவேகத்தில் திரையைக் கடந்தோடுவதுண்டு. இதனாலேயே எதிர்த்திசைகளை ஏற்பதா தடுப்பதா எனத் தெரிவுசெய்யும் வசதியைப் பல எமுலேற்றர்கள் தனியாக வைத்துள்ளன. கைக்கருவியின் பிளாத்திக்கில் இருந்த ஒரு விதியை ஆட்டத்தின் நிரலிற் காணமுடியாது. நிரலை மட்டும் படியெடுத்தவன் அவ்விதியைத் தவறவிடுகிறான்.

இனி, அக்கருவியைத் திறந்து பார்ப்போம். 1977இல் வெளிவந்த அற்றாரி பொறியின் ஜோய்ஸ்ரிக்கினுள் ஆளிகளைத் தவிர வேறொன்றுமில்லை. நான்கு திசைகளுக்கும் சுடுபொத்தானுக்கும் ஒவ்வொரு கம்பி. பொத்தானை அழுத்தினால் அக்கம்பி புவித்தொடர்பைப் பெறும். ஒன்பது ஊசிச் செருகியின் எட்டாம் ஊசி புவித்தொடர்புக்குரியது. இதனினும் எளிய அமைப்பைக் காண்டல் அரிது.

1983இல் யப்பானில் 'பமிக்கொம்' என்ற பெயரிலும், 1985இல் வட அமெரிக்காவில் என்.இ.எஸ். என்ற பெயரிலும் வந்த பொறியில் எட்டுப் பொத்தான்கள் இருந்தன. எட்டுக்கும் எட்டுக் கம்பிகள் என்றால் வடம் தடித்துச் செலவும் கூடும். ஆகவே 4021 என்னும் எண்ணுடைய சில்லொன்று கைக்கருவியினுள் வைக்கப்பட்டது. அதன் பணியை ஆசிரியர் இடாப்பு அழைப்பதற்கு ஒப்பிடலாம். பொறி முதலில் 'பிடி' என்னுஞ் சமிக்ஞையை அனுப்பும். அக்கணத்தில் எட்டுப் பொத்தான்களின் நிலையும் சில்லினுட் பதிவாகும். பின்னர் மற்றொரு கம்பி வழியே ஒவ்வொரு துடிப்பாக அனுப்ப, ஏ, பி, செலக்ற், ஸ்ராட், மேல், கீழ், இடம், வலம் என்ற மாறா ஒழுங்கில் ஒவ்வொரு பொத்தானும் தன் வரவைத் தரவுக்கம்பியிற் கூறும். அழுத்தப்பட்டிருப்பின் வோல்ற்றளவு தாழ்ந்தும், இல்லையேல் உயர்ந்தும் இருக்கும். மின்வழங்கல், புவித்தொடர்பு, பிடிப்பு, துடிப்பு, தரவு என ஐந்து கம்பிகளில் அனைத்தும் முடிந்துவிடுகின்றன. 1990இல் வந்த சுப்பர் பமிக்கொம் பொறியும் இதே முறையைப் பதினாறு பிட்டுகளுக்கு நீட்டியதேயன்றிப் புதிதாக எதையும் புகுத்தவில்லை. பன்னிரண்டு பொத்தான்கள் போக எஞ்சிய நான்கு பிட்டுகள் வெறுமையாகவே விடப்பட்டன.

இங்கு ஊன்றி நோக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. 4021 நின்ரெண்டோவுக்குரிய இரகசியச் சில்லன்று. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968இல் தொடக்கிய 4000 வரிசையைச் சேர்ந்த, பல நிறுவனங்கள் உற்பத்தி செய்த, எவரும் கடையில் வாங்கக்கூடிய பொதுச்சரக்கு அது. விலை தாழ்ந்து, இயல்பு முழுதும் அறியப்பட்டுவிட்ட 'வாடிய தொழினுட்பத்தை' வேறு கோணத்திற் சிந்தித்துப் பயன்படுத்தவேண்டும் என்பது யொகோயின் புகழ்பெற்ற கொள்கையாகும். அச்சிக்கனத்தின் எதிர்பாராத பயனைப் பிற்காலத்தோர் துய்க்கின்றனர். அத்துடன் இச்சில்லு பொறுமையுடையது. துடிப்பு வரும்வரை அது காத்திருக்கும். விரைவான கணனியாயினும் மந்தமான கணனியாயினும் கேட்டபோது விடை தரும். 1996இல் வந்த நின்ரெண்டோ 64 பொறியின் கைக்கருவியோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அங்கு ஒரே கம்பியில் கேள்வியும் விடையும் மாறிமாறிச் செல்ல, ஒவ்வொரு பிட்டும் நான்கு மைக்ரோசெக்கனில் முடிந்துவிடும். அதனைத் தவறாது கேட்கத் தனிக்கவனம் வேண்டும்.

பொறுமையான சில்லு என்பதனாலேயே முதல் இணைப்புகள் சமையலறை மேசைகளிற் சாத்தியமாயின. தொண்ணூறுகளின் கணனிகளில் அச்சுப்பொறிக்கென ஒரு சமாந்தர வாய் இருந்தது. அதன் தரவு ஊசிகளில் ஒன்று பிடிப்புக்கும் மற்றொன்று துடிப்புக்கும் பயன்பட்டன. எஞ்சியவை இருவாயிகள் ஊடாக ஒன்றுசேர்க்கப்பட்டுக் கைக்கருவிக்கு மின் வழங்கின. அச்சுப்பொறி தன் நிலையைத் தெரிவிப்பதற்கென இருந்த ஐந்து உள்ளீட்டு ஊசிகளில் ஐந்து கைக்கருவிகளின் தரவுக்கம்பிகள் வந்து பொருந்தின. 'கடதாசி தீர்ந்தது' எனக் கூறவேண்டிய கம்பி 'வலப்பக்கம் அழுத்தப்பட்டுள்ளது' எனக் கூறியது! லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இதற்குரிய செலுத்தி மென்பொருளும் இணைப்பு வரைபடமும் மூலநிரலோடு வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருந்தன.

சமாந்தர வாய் வழக்கொழிந்து யூ.எஸ்.பி. பரவியபின் நிலைமை மாறியது. 1996இல் வெளியிடப்பட்ட யூ.எஸ்.பி. நியமத்தின்படி, இணையும் கருவி தன்னைத் தானே அறிமுகஞ் செய்தல் வேண்டும். 'யான் இத்தனை பொத்தான்களும் இரண்டு அச்சுகளும் உடைய ஆட்டக்கருவி' என அது கூறினால், கணனி தனிச் செலுத்தியின்றியே ஏற்றுக்கொள்ளும். 4021ஆல் இவ்வறிமுகத்தைச் செய்ய இயலாது. எனவே இடையில் ஒரு நுண்கட்டுப்படுத்தி மொழிபெயர்ப்பாளனாக நிற்கின்றது. ஒருபுறம் இடாப்பு அழைத்து எட்டு விடைகளையும் பெறும். மறுபுறம் அவற்றை யூ.எஸ்.பி. அறிக்கையாக்கிக் கொடுக்கும். 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆடுயினோ பலகைகளும், 2021இல் 4 அமெரிக்க டொலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பிக்கோவும் இவ்வேலையை மாணவர் கைக்கெட்டும் நிலைக்குக் கொணர்ந்தன. பிக்கோவின் ஊசிகள் 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்கா. பழைய கைக்கருவியோ 5 வோல்ற்றில் இயங்கியது. இதற்கெனச் சிக்கலான சுற்றுக்களை அமைப்போர் உளர். உண்மையில் 4021 மூன்று வோல்ற்றிலிருந்தே இயங்கவல்லது. ஆதலாற் கைக்கருவிக்கும் 3.3 வோல்ற்றையே வழங்கிவிட்டால் பிணக்குத் தீர்ந்தது.

பழைய வடத்தை வெட்டி நேரே பற்றாசு பிடிப்பதை நாம் ஆதரிக்கமாட்டோம். வெட்டிய கருவி மீண்டும் தன் பொறிக்குத் திரும்பாது. அதற்குரிய செருகுவாயைத் தேடி இணைப்பியின் பக்கத்திற் பொருத்துவதே முறை. பொத்தான்களின் கீழுள்ள கரிபூசிய இறப்பர் தேய்ந்தோ அழுக்கேறியோ இருப்பின், ஐசோபுறப்பைல் அற்ககோலால் துடைத்தாற் பெரும்பாலும் உயிர்பெறும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. செருகியின் உருவத்தை நம்புதல் ஆகாது. அற்றாரியின் ஒன்பது ஊசிச் செருகியையே சேகா நிறுவனத்தின் மெகா ட்ரைவ் (1988) பொறியும் கொண்டிருந்தது. ஆயினும் அற்றாரியில் ஏழாம் ஊசியில் உள்ள 5 வோல்ற்று மெகா ட்ரைவில் ஐந்தாம் ஊசிக்கு மாறிவிட்டது. பமிக்கொம் பொறியின் அனுமதியற்ற படிகளாக உலகெங்கும் விற்கப்பட்டவற்றுட் பலவும் இதே ஒன்பது ஊசி உருவத்தினுள் முற்றிலும் வேறான கம்பியமைப்பைக் கொண்டிருந்தன. பல்மானியால் ஒவ்வோர் ஊசியையும் சோதித்தறிந்த பின்னரே மின் வழங்குதல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். கைக்கருவியின் உட்பகுதி பொதுச்சரக்கு. அது பேசும் மொழி எளியது. தனியுடைமையாக இருந்தது செருகியின் உருவம் மட்டுமே. தொழினுட்பம் பழையதாகிவிட்டது என்ற காரணத்தாற் கருவிகள் குப்பைக்குச் செல்வதாக நாம் எண்ணுகின்றோம். இவ்விடயத்தில் அவ்வெண்ணம் பொருந்தாது. 6 கோடிக்கு மேல் விற்பனையான என்.இ.எஸ். பொறிகளின் கைக்கருவிகளைப் புதிய கணனிகளிலிருந்து பிரித்து நின்றது, பண்டத்துக்குப் பண்டம் வேறுபடவேண்டும் என்ற சந்தை நியதியே. பிற்கால நிகழ்வுகளும் இதனையே காட்டுகின்றன. 2018இல் நின்ரெண்டோ தானே பழைய உருவில் கைக்கருவிகளை மீண்டும் வெளியிட்டபோது, தன் இணையச் சேவைக்குச் சந்தா செலுத்துவோருக்கே அவற்றை விற்றது. எமுலேற்றர் மென்பொருளின் கதையும் வேறானதன்று. சோனியின் பிளேஸ்ரேசனைப் போலச்செய்த கொனெக்ரிக்ஸ் நிறுவனத்தின் மீது தொடரப்பட்ட வழக்கில், பொருந்தியியங்கும் மென்பொருளை ஆக்குவதற்காகப் பொறியின் உள்நிரலை ஆராய்ந்தமை நியாயமான பயன்பாடே என 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் சோனி அம்மென்பொருளை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. மன்றிற் கிடைத்த வெற்றி சந்தையில் விலைபோயிற்று.

எனினும், இடையூறு யாவும் உடைமை உறவுகளிலிருந்தே பிறக்கின்றன எனக் கூறி அமைவது ஆராய்ச்சி ஆகாது. காலதாமதம் என்னும் உண்மையான சிக்கல் ஒன்றுள்ளது. பழைய பொறி செக்கனுக்கு ஏறத்தாழ 60 சட்டகங்களை வரைந்தது. ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லிசெக்கன். தனக்கு வேண்டிய கணத்தில் ஆட்டமே கைக்கருவியை நேரடியாகக் கேட்டறிந்தது. யூ.எஸ்.பி. முறையிலோ கணனி தன் வசதிப்படியே கேட்கும். நியமத்தின் தாழ்வேகப் பிரிவில் இரு கேள்விகளுக்கு இடையே குறைந்தது 10 மில்லிசெக்கன் இடைவெளி உண்டு. முழுவேகப் பிரிவில் அது 1 மில்லிசெக்கனாகக் குறையும். ஆகவே இணைப்பியை வாங்குவோரும் ஆக்குவோரும் முதலில் வினவவேண்டியது இதனையே. தட்டைத்திரையும் தன் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கின்றது. 2018இல் ரெற்றோஆர்க் மென்பொருளிற் சேர்க்கப்பட்ட 'முன்னோட்ட' முறை, சில சட்டகங்களை மறைவில் முன்கூட்டியே கணித்து இத்தாமதத்தை ஈடுசெய்ய முயல்கின்றது.

ஈடுசெய்யவே இயலாத ஒன்றும் உண்டு. அது 'சப்பர்' எனப்பட்ட ஒளித்துப்பாக்கி. வாத்துவேட்டை ஆட்டத்தில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருளும். அடுத்து வாத்து இருந்த இடம் மட்டும் வெண்கட்டமாக ஒளிரும். துப்பாக்கியினுள் உள்ள ஒளியுணரி அவ்வெண்மையைக் கண்டால் வாத்து வீழ்ந்தது. துப்பாக்கி எதையும் எய்வதில்லை, பார்க்கவே செய்கின்றது என்பதைச் சிறுவயதில் அறிந்திருந்தால் எத்தனை பேர் ஏமாந்திருப்பர்! இதன் கம்பிகளையும் யூ.எஸ்.பி.க்கு மாற்றலாம், விசையின் நிலையையும் உணரியின் விடையையும் தரும் இரு கம்பிகளே அவை. ஆயின் கதோட்டுக் கதிர்க் குழாயில் இலத்திரன் கற்றை வரிவரியாக ஓடுவதால் எழும் ஏறத்தாழ 15 கிலோஹேர்ட்ஸ் மீடிறனுடைய துடிப்பையே அவ்வுணரியின் சுற்று தேடுகின்றது. தட்டைத்திரையின் ஒளியில் அத்துடிப்பு இல்லை. இன்றைய மாற்றுத் துப்பாக்கிகள் சில, திரையின் ஓரமெங்கும் வெண்சட்டம் இட்டு, குழலினுள் வைத்த சிறு கமராவால் அச்சட்டத்தைப் பார்த்துக் குறியைக் கணிக்கின்றன. அவற்றைப் பழைய கருவியின் தழுவல் என்பதைவிடப் பழைய உருவில் அமைந்த புதுக்கருவி என்பதே பொருந்தும். பழைய துப்பாக்கியே வேண்டுமென்போர் குழாய்த் தொலைக்காட்சியொன்றையும் தேடிப் பேணவேண்டும். அதனைக் கணனியோடு இணைத்த பின்னருங்கூட, எமுலேற்றர் வரையும் சட்டகம் ஒன்றேனும் பிந்தித் திரைக்கு வருமாயின், வெண்கட்டம் தோன்றும் வேளையில் ஆட்டம் தன் கேள்வியைக் கேட்டு முடித்திருக்கும்.