ஆரஞ்சு விளக்கு பச்சையான கதை

சர்வர் ரூமில் பக்கத்தில் நிற்பவர் கத்தினால்தான் காதில் விழும், விசிறிகள் அப்படி இரைகின்றன. என் கண்ணோ இரண்டே விளக்குகளில் ஒட்டிக்கொண்டது. ஒன்று பச்சை. அடுத்தது ஆரஞ்சு.

இரண்டு ஸ்விட்ச்களுக்கு நடுவே இரண்டு கேபிள், இரண்டும் புத்தம் புதுசு. ஆனாலும் ஒன்று மாடாய் உழைக்கிறது, மற்றது சும்மா கிடக்கிறது. கிடக்க வைத்தது ஸ்பானிங் ட்ரீ. 1985-ல் டெக் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் உருவாக்கிய காவல். அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டு வழியும் திறந்திருந்தால், எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு பாக்கெட் இதில் போய் அதில் திரும்பி, சுற்றிச் சுற்றிப் பெருகி, மொத்த நெட்வொர்க்கையும் படுக்க வைத்துவிடும்.

பொறியாளர் நாலு வரி தட்டினார். இரண்டு விளக்கும் அணைந்தன. திரும்ப வந்தபோது... இரண்டுமே பச்சை! கைதட்டலாம் போலிருந்தது. 'நாங்கள் இருவரல்ல, ஒரே போர்ட்' என்று இரு கேபிள்களும் காவலிடமே சாதித்துவிட்டன!

1990களின் தொடக்கத்தில் இந்த வித்தையை ஈதர்சேனல் என்ற பெயரில் செய்தது கலிஃபோர்னியாவின் கல்பனா நிறுவனம். நிறுவனர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1994-ல் சிஸ்கோ கல்பனாவை வாங்கியது. 2000-ல் 802.3ஏடி என்ற பொதுத் தரம் வந்ததும், வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளும் கைகோக்க முடிந்தது. அதற்கான பேச்சுவார்த்தை மொழி எல்ஏசிபி. இரு முனையையும் 'பாசிவ்' என்று வைத்துவிட்டால், 'முதலில் நீ பேசு' என்று இரண்டும் காத்திருந்து காத்திருந்து, கடைசிவரை கூட்டு சேராது. பெண் பார்க்கும் படலமேதான்!

சரி, நாலு கேபிளைக் கட்டினால் ஒரு ஃபைல் நாலு மடங்கு வேகத்தில் போகுமா? போகாது. பாக்கெட்டுகள் வரிசை மாறி இறங்கக் கூடாது என்பதால், ஓர் உரையாடல் முழுவதும் ஒரே கேபிளில்தான். எந்தக் கேபிள்? அங்கேதான் குட்டிக் கணக்கு. அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைப் பிசைந்து ஒரு எண் எடுக்கிறார்கள். சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்களில் அது 3 பிட், ஆக 8 கூடை. நாலு கேபிளுக்கு ஆளுக்கு இரண்டு. மூன்று கேபிள் என்றால் 3, 3, 2. கடைசிக் கேபிளுக்குக் கொஞ்சம் ஓய்வு! அதே இரு சர்வர்கள் ராத்திரி முழுக்க பேக்கப் எடுத்தால் ஒரு கேபிள் திணறும், மற்றவை வேடிக்கை பார்க்கும். கணக்கில் உரையாடலின் போர்ட் எண்ணையும் சேர்த்தால் ஓரளவு பரவும்.

"பிடுங்கட்டுமா?" என்றார் பொறியாளர். எனக்குப் பகீர். ஒரு கேபிளை உருவியே விட்டார். திரையில் ஓடிக்கொண்டிருந்த பிங் சோதனை தன் பாட்டுக்கு ஓடியது. அதைவிட வம்பு, விளக்கு எரிந்தபடியே நடுவழியில் தொடர்பு செத்துப்போவது. அதற்குத்தான் விநாடிக்கொரு எல்ஏசிபி விசாரிப்பு. மூன்று விநாடி பதில் இல்லையென்றால் அந்தக் கேபிள் கூட்டிலிருந்து அவுட். சோம்பல் முறையில் விட்டால் 30 விநாடிக்கு ஒரு விசாரிப்பு, தெரியவர 90 விநாடி.

ஸ்விட்ச்சே செத்தால்? அதற்கும் ஒரு தில்லாலங்கடி வைத்திருக்கிறார்கள். இரண்டு தனித்தனிப் பெட்டிகள் ஒரே அடையாள எண்ணைச் சொல்லி ஒரு பெட்டியாக நடிக்கின்றன. சர்வரின் ஒரு கேபிள் இதில், ஒன்று அதில். எதிரே இருப்பது ஒரே ஸ்விட்ச் என்றே சர்வர் நம்பிக்கொண்டிருக்கிறது, பாவம்.