வாயிற்காவலனும் எழுத்து விதிகளும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஊரோடுள்ள தொடர்பு இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றது. டில்லியிலோ மும்பையிலோ இருந்துகொண்டே ஊரிலுள்ள நிலத்தின் பட்டாவைப் பார்க்கின்றோம். பண்டிகைக்கு ரயிலில் இடம் பதிவு செய்கின்றோம். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கின்றோம். நாம் பொத்தானை அழுத்தியவுடன் நமது வேண்டுகோள் நேரே அத்தளத்தின் கணினிக்குள் சென்றுவிடுவதில்லை. பல தளங்களின் வாயிலில் ஒரு காவலன் நின்று, அதனைப் படித்துப் பார்த்த பின்னரே உள்ளே விடுகின்றான். வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் என வழங்கும் தீயரணே அக்காவலன். அவன் கையிலுள்ள விதிகள் எத்தகையன, அவற்றை எவ்வாறு புதுப்பிக்கின்றனர், அதில் பிழை நேர்ந்தால் யாது விளையும் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

இவ்விதிகளுள் எளியது எழுத்துச் சரத்தை ஒப்பிடும் விதி. சரம் என்பது அடுத்தடுத்து நிற்கும் எழுத்துக்களின் தொடர். இவ்விதி நான்கு செய்திகளைக் கூறும். வேண்டுகோளின் எப்பகுதியில் தேடுவது என்பது முதலாவது. முகவரியிலா, தலைப்புக் குறிப்புக்களிலா, நாம் நிரப்பிய படிவம் அடங்கிய உடற்பகுதியிலா என அது வரையறுக்கும். எச்சரத்தைத் தேடுவது என்பது இரண்டாவது. அச்சரம் தொடக்கத்தில் இருத்தல் வேண்டுமா, இறுதியிலா, அல்லது எங்கிருப்பினும் போதுமா என்பது மூன்றாவது. ஒப்பிடுமுன் வேண்டுகோளை எவ்வாறு செப்பம் செய்வது என்பது நான்காவது. சரம் பொருந்திவிட்டால் வேண்டுகோளைத் தடுக்கலாம். அல்லது தடுக்காமல் எண்ணிக்கையில் மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

இவற்றுள் நான்காவதே உயிர்நிலை எனலாம். காவலன் எழுத்தை அறிவானேயன்றிப் பொருளை அறியான். ஒற்றை மேற்கோள் குறியைத் தடுக்க எண்ணி விதி எழுதினால், தாக்க வருவோர் அக்குறியை விடுத்து, அதற்கு ஈடாக %27 என எழுதி அனுப்புவர். அதையும் தடுத்தால் %2527 என இரட்டை வேடம் புனைவர். ஒரு முறை அவிழ்த்தால் அது %27 ஆகும். மறுமுறை அவிழ்த்தால்தான் மேற்கோள் குறி வெளிப்படும். ஆதலின் ஒப்பிடுமுன் வேடத்தைக் களைதலும், ஆங்கிலப் பெரிய எழுத்துக்களைச் சிறியனவாக்குதலும் இன்றியமையாதன. தமிழிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘கொ’ என்பதைக் கணினியில் ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சரத்தை ஒப்பிடும் விதிக்கோ அவை வெவ்வேறு. மொழிபெயர்ப்புப் பணியில் சொல்லின் பொருளையே பற்றி நிற்கும் நமக்கு இது விந்தையாகத் தோன்றுகின்றது.

விதி தளர்ந்தால் கள்வன் நுழைவான். விதி இறுகினால் நல்லவர் வெளியே நிற்பார். தரவுத்தள மொழியாகிய எஸ்க்யூஎல்லில் ஒற்றை மேற்கோள் குறி ஒரு சொல்லின் எல்லையைக் காட்டுவது. அதனைக் கொண்டு தீய கட்டளைகளைப் புகுத்துவோர் உண்டு. அது கருதி, அக்குறி எங்கிருப்பினும் தடுக்குமாறு ஒருவர் விதி எழுதிவிட்டார் என்று கொள்வோம். கோவாவிலும் மும்பையிலும் நம் அண்டை வீட்டில் வாழும் டி'சோசா, டி'சில்வா குடும்பத்தார் தங்கள் சொந்தப் பெயரை எழுதிய குற்றத்திற்காகவே தடுக்கப்படுவர். திரையில் 403 என்னும் மறுப்பு எண் தோன்றும், காரணம் தோன்றாது. படிவத்தின் கடைசி நாள் மட்டும் கடந்துவிடும்.

இனி, விதிகளைக் கையால் மாற்றாமல் நிரல் வழியே மாற்றுவது ஏன் எனக் காண்போம். 2021 டிசம்பரில், ஜாவா மொழியில் பதிவேடு எழுதும் லாக்4ஜே என்னும் நிரல் தொகுதியில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. ஜேஎன்டிஐ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களைக் கொண்ட சரமே அத்தாக்குதலின் அடையாளம். உலகெங்கும் காவல் விதிகளை உடனே மாற்ற நேர்ந்தது. சில நாட்களுக்குள் தாக்குவோர் அந்நான்கு எழுத்துக்களையும் பிரித்தும் மறைத்தும் எழுதத் தலைப்பட்டனர். விதிகளை மீண்டும் மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. பல தளங்களில் இத்திருத்தத்தை ஒருவர் கையாலேயே செய்வாராயின், ஓரிடத்தில் விட்டுப்போகும், மற்றோரிடத்தில் பிழைபடும். நிரல் வழியே செய்தால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல அமையும். யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது பதிவாகும். பிழை நேர்ந்தால் முன்னைய விதிக்குத் திரும்பவும் இயலும்.

அமேசான் நிறுவனத்தாரின் தீயரணை எடுத்துக்கொள்வோம். நிரல் முதலில் நடப்பிலுள்ள விதித் தொகுதியைப் படித்து, அதனுடன் ஒரு பூட்டுச் சீட்டையும் பெறும். பின்னர்த் தன்னிடமுள்ள படியில் புதிய சரத்தைச் சேர்க்கும். இறுதியில் தொகுதி முழுவதையும் அச்சீட்டோடு திருப்பி அனுப்பும். இடையில் வேறொருவர் விதிகளை மாற்றியிருந்தால் சீட்டு செல்லாது. மீண்டும் முதலிலிருந்து படித்தல் வேண்டும். இங்கு மறவாது போற்ற வேண்டிய ஒன்று உண்டு. அனுப்பப்படும் தொகுதி பழையதன் இடத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளும். புதிய விதியொன்றை மட்டும் அனுப்பினால் பழைய விதிகள் யாவும் அழிந்துபோம். பூட்டியிருந்த கதவுகள் பல, எவரும் அறியாமலே திறந்து கிடக்கும்.

விரைவிலும் ஓர் இடர் உண்டு. 2019 ஜூலை 2ஆம் நாள் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தார் தம் தீயரணில் ஒரு புதிய விதியை உலகெங்குமுள்ள கணினிகளுக்கு ஒரே வேளையில் அனுப்பினர். அது நேரான சரமன்று. சர வடிவத்தை விவரிக்கும் சிக்கலான கோவை. யாரையும் தடுக்காது சோதித்து மட்டும் பார்க்கும் நிலையிலேதான் அதனை வைத்திருந்தனர். எனினும் அதனை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே கணினிகளின் ஆற்றல் முழுவதும் செலவாகி, எண்ணற்ற தளங்கள் ஏறத்தாழ 27 நிமிடம் முடங்கின. காவலனே வாயிலை அடைத்துக்கொண்டு நின்றான்.

ஆகவே புதிய விதியை முதலில் ஓரிடத்தில் மட்டும் இடுதல் வேண்டும். தடுக்காது எண்ணிக்கையில் வைத்து, தடைபடக் கூடியவர் யாவர் என ஆராய்தல் வேண்டும். டி'சோசா போன்ற பெயர்களையும், இருவகையில் எழுதிய தமிழ்ச் சொற்களையும் சோதனைக்கென நிரலிலேயே சேர்த்து வைத்தல் நன்று. அச்சோதனையில் தேறிய பின்னரே தடுக்கும் அதிகாரத்தை விதிக்கு அளித்தல் தகும். உள்ளிருக்கும் செயலியின் குறையைத் திருத்தும் பணியையும் காவலனை நம்பிக் கைவிடலாகாது. விதி நமக்குத் தருவது அவகாசமே. நம்மில் எவரேனும் காரணமின்றித் தடுக்கப்பட்டால், நாளையும் நேரத்தையும், எழுதிய சொல்லையும் குறித்து அத்தளத்தாருக்குத் தெரிவிப்போமாக. எந்த விதி பிழைத்தது என்பதை அவர்கள் பதிவேட்டில் தேடிக் கண்டறிய அக்குறிப்பு உதவும்.