எந்தப் பூனை, எந்த ஊர்?

மேரியன் தீவு தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமானது. கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தென்கிழக்கே, குளிர் காற்று ஓயாமல் வீசும் கடலில் கிடக்கிறது. ஆய்வு நிலையப் பணியாளர்களைத் தவிர அங்கே மனிதர்கள் இல்லை. பழைய கப்பல்களில் வந்து இறங்கிய சுண்டெலிகளின் தொல்லை தாங்காமல் 1949-இல் ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977-இல் அவை சுமார் 3,400 ஆகியிருந்தன.

சுண்டெலியைவிட எளிய இரை பூனைகளுக்கு அங்கே கிடைத்தது. பெட்ரல் என்ற கடற்பறவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். தரையில் பதுங்கி வரும் கொன்றுண்ணி எதையும் அந்தப் பறவை இனம் பார்த்ததே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 4.5 லட்சம் பெட்ரல்கள் பூனைகளுக்கு இரையாயின. அரசு 1977-இல் பூனைகளைத் தாக்கும் பேன்லூக்கோபீனியா வைரஸைத் தீவில் பரப்பியது. மிஞ்சியவற்றை இரவு நேரத்தில் விளக்கடித்துச் சுட்டார்கள், பொறி வைத்தார்கள், நஞ்சும் வைத்தார்கள். 1991-இல் கடைசிப் பூனையும் போனது.

பெட்ரல்கள் மெல்ல மீளத் தொடங்கின. ஆனால் சுண்டெலிகளும் பெருகின. குளிர் குறைந்துவருவதும் அவற்றுக்குச் சாதகமானது. கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆல்பட்ராஸ் குஞ்சுகளை அவை உயிரோடு கொறித்துத் தின்னத் தொடங்கின. இப்போது சுண்டெலிகளை ஒழிக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பூனை ஆதரவாளர்களும் பறவை ஆர்வலர்களும் இந்தத் தீவை அவரவர் வசதிக்கு எடுத்துக்காட்டுவதுண்டு. இரு தரப்புக்கும் இதில் பாதி நியாயம்தான் கிடைக்கும்.

சுடும் நாடு, காக்கும் நாடு

ஆஸ்திரேலியாவில் இயற்கையாகப் பூனை இனமே கிடையாது. 1788-இல் குடியேற வந்த ஆங்கிலேயர்களோடு வந்ததுதான் அங்குள்ள பூனை. வீடில்லாமல் திரியும் பூனைகள் இன்று மழை வளத்தைப் பொறுத்து 21 லட்சத்திலிருந்து 63 லட்சம் வரை இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. இருபதுக்கு மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அங்கே அழிந்ததில் பூனைக்குப் பங்குண்டு. 2015-இல் அந்நாட்டு அரசு ஐந்தாண்டுகளில் 20 லட்சம் பூனைகளைக் கொல்ல இலக்கு வைத்தபோது, பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ உள்படப் பலர் கொதித்தார்கள். அரசு அசையவில்லை.

அங்கே பயன்படும் '1080' என்ற நஞ்சு, மேற்கு ஆஸ்திரேலியச் செடிகள் சிலவற்றில் இயற்கையாகவே இருப்பது. காலங்காலமாக அதோடு வாழ்ந்த உள்ளூர் விலங்குகள் ஓரளவு அதைத் தாங்கும். வெளியிலிருந்து வந்த பூனை தாங்காது. நஞ்சு வைக்க முடியாத இடத்தில் வேலி போடுகிறார்கள். நாட்டின் நடுப்பகுதியில் நியூஹேவன் சரணாலயத்தைச் சுற்றிப் பூனை ஏற முடியாத 44 கிலோமீட்டர் வேலி நிற்கிறது.

இத்தாலியில் நிலைமை நேர்மாறு. 1991-ஆம் ஆண்டின் 281-ஆம் சட்டப்படி தெருவில் சுதந்திரமாக வாழும் பூனைகளைக் கொல்லக் கூடாது. கருத்தடை செய்து அவை வாழ்ந்த கூட்டத்திலேயே திரும்ப விடவேண்டும். ஜூலியஸ் சீசர் கொலையுண்ட ரோம் நகர இடிபாடுகளில் இன்று பூனைக் காப்பகம் ஒன்று நடக்கிறது. தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கும் பெண்களுக்கு அந்த ஊரில் தனி மரியாதை.

இரண்டு நாட்டிலும் பூனை ஒன்றுதான். இரைதான் வேறு. காட்டுப்பூனை, நரி, மரநாய் எல்லாம் காலங்காலமாக உலவிய ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் பறவைகளுக்குப் பதுங்கிவரும் பகையைத் தெரியும். ரோம் இடிபாடுகளுக்குள் கடைசி வாரிசாக எந்த அரிய உயிரும் ஒளிந்திருக்கவில்லை.

கருத்தடைக் கணக்கு

பெண் பூனை ஐந்தாறு மாதத்தில் பருவமடையும். சுமந்திருப்பது இரண்டு மாதம்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குட்டி போடும். எனவே கூட்டத்தில் பாதிக்குக் கருத்தடை செய்தால், மீதிப் பாதி குறையை நிரப்பிவிடும். எண்ணிக்கை இறங்க வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கையாவது பிடித்தாக வேண்டும். புதுப் பூனைகள் வந்து சேரவும் கூடாது.

அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் இது பலித்தது. 1996-இல் 68 ஆக இருந்த பூனைகள் 2002-இல் 23 ஆகின. ஆனால் அங்கே பார்க்கப்பட்ட பூனைகளில் ஏறக்குறைய பாதியை மனிதர்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அறுவைக் கத்தி மட்டும் சாதித்த வெற்றி என்று அதைச் சொல்ல முடியாது.

அதே அமெரிக்காவில் 2013-இல் வந்த ஓர் ஆய்வு, பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக மதிப்பிட்டது. பெரும்பங்கு வீடில்லாப் பூனைகளின் வேலை. எண் மலைக்க வைக்கிறது. ஆனாலும் இத்தனை செத்தன என்பது ஒரு கேள்வி, இனம் குறைகிறதா என்பது இன்னொரு கேள்வி. தோட்டத்துப் பூனைகளால் பறவை இனங்கள் குறைவதற்குத் தெளிவான சான்றில்லை என்று பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமே சொல்லிவந்திருக்கிறது. பூனையிடம் சிக்கும் பறவைகளில் பல எப்படியும் அடுத்த இனப்பெருக்கப் பருவத்தை எட்டியிருக்காது என்பது அதன் வாதம்.

சண்டையின் வேர் இங்கேதான். விலங்கு நல ஆர்வலர் கண்ணில் படுவது ஒவ்வொரு உயிரும். சூழலியலாளர் கண்ணில் படுவது இனம். எதை முதலில் வைப்பது என்று அறிவியல் தீர்ப்புச் சொல்லாது. இந்த ஊரில் இந்தப் பூனையால் எந்த இனத்துக்கு ஆபத்து என்று மட்டும் சொல்லும். அந்த விடை தெரிந்தபின் பல சண்டைகள் பாதியாகச் சுருங்கிவிடும்.

வளர்ப்பவர் கையில்

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு வீட்டுப் பூனையைப் பற்றியது. தானியம் சேர்க்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்ததும் பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடினாலே 25 சதவீதம் குறைந்தது. பளிச்சென்ற நிறத்தில் கழுத்துப்பட்டை உறை போட்டதும் பறவை வேட்டை 42 சதவீதம் குறைந்தது. பலரும் நம்பிக் கட்டும் மணியால் குறிப்பிடும்படி பலன் தெரியவில்லை. பூனையைக் கட்டிப்போடவும் வேண்டியதில்லை, கொல்லவும் வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பறவைகள் காட்டுப்பூனையையும் கீரியையும் வல்லூறையும் பார்த்து வளர்ந்தவை. ஆஸ்திரேலியக் கணக்கை இங்கே அப்படியே போட முடியாது. ஆனால் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. தெருப்பூனைக் கூட்டத்துக்குப் புதுவரவு பெரும்பாலும் வீடுகளிலிருந்தே வருகிறது. வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்யாமல் விட்டுவிட்டு, குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் சந்தையோரம் இறக்கிவிட்டு வருபவர், பூனைக்கும் நல்லது செய்யவில்லை, பறவைக்கும் நல்லது செய்யவில்லை. இதில் மட்டும் பூனை நேசரும் பறவை நேசரும் ஒரே பக்கம்தான். கொல்வதா காப்பதா என்ற விவாதத்துக்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலையும் இதுதான்.